சாமிக்கு விட்ட சிவப்பு

இறகு கருகும் வாசனை. முடி கருகுவது போலத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் கொஞ்சம் ஈரம், கொஞ்சம் மஞ்சள். தலவாக்கலையில் நான் வாடகைக்கு இருக்கும் அறையின் பின்பக்கம் யாரோ கோழி வாட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை. ரயில் போய்விட்டது, அதன் அதிர்வு மட்டும் இன்னும் ஜன்னல் கண்ணாடியில் மிச்சமிருக்கிறது. மேசையில் பத்தாம் தர விடைத்தாள்கள். இயற்கைத் தேர்வை உதாரணத்துடன் விளக்குக. எல்லாப் பிள்ளைகளும் அந்துப்பூச்சியையே எழுதியிருக்கிறார்கள். புகை படிந்த மரத்தில் கறுப்புப் பூச்சி தப்பியது, வெள்ளைப் பூச்சியைப் பறவை தின்றது. புத்தகத்தில் உள்ளபடி. நான் சொல்லிக்கொடுத்தபடி. எல்லோருக்கும் முழுப் புள்ளி.

சிவப்புப் பேனையை மூடினேன். ஜன்னலைச் சாத்தினேன். வாசனை போகவில்லை. சாத்தினால் போகிற வாசனை இல்லை இது. போன வருடத்திலிருந்து வருகிறது, மஸ்கெலியாப் பக்கமிருந்து வருகிறது.

அக்கா அங்கே ஒரு தோட்டத்தில் இருக்கிறாள். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் கடைசி அறை, கடைசிக் காம்பரா; அதற்கு அப்பால் வீடில்லை. மழைத்தண்ணீர் ஓடும் ஒரு கானும் அதைத் தாண்டித் தேயிலையும்தான். கீழே நீர்த்தேக்கம், பாதி நாள் பனிக்குள் கிடக்கும். நானும் அந்தக் காம்பராவில்தான் பிறந்தேன். அப்பா கவ்வாத்துக் கங்காணி. சில வருடங்களுக்கு ஒரு தடவை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் குறைப்பதுதான் கவ்வாத்து. அந்த ஆட்களுக்கு அவர் தலை. வருடா வருடம் ஏதாவது ஒரு மலையில் கவ்வாத்து விழும். முதல் செடியில் கத்தி படுவதற்கு முன்னால், மலையிலே இருக்கும் கல்லுச்சாமிக்குச் சேவல் அறுக்க வேண்டும். அந்தச் சேவல் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். அப்பா போன பிறகு அந்தப் பெருமை அக்காவின் புருஷனுக்கு, என் மச்சானுக்கு வந்தது.

சாமிக்குப் போகும் சேவலுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. மேனி சிவப்பாக இருக்க வேண்டும். வால் கறுத்து, வெயில் பட்டால் பச்சை அடிக்க வேண்டும். கொண்டை கிழிந்திருக்கக் கூடாது, விரல் கோணியிருக்கக் கூடாது. வீட்டிலேயே பொரித்து வீட்டிலேயே வளர்ந்ததாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: பெட்டையை மிதிக்காத சேவலாக இருக்க வேண்டும். குஞ்சுகளில் எது நிமிர்ந்து நடக்கிறது, எது முதலில் கூவுகிறது என்று அம்மா பார்த்துக்கொண்டே இருப்பாள். கூவல் கேட்ட அன்றைக்கே பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதற்குள் அடைத்துவிடுவாள். சாமிச்சேவல் கூடைக்குள் இருந்தபடியே தின்னும், கூடைக்குள் இருந்தபடியே கூவும். கவ்வாத்து தொடங்குகிற அன்று காலையில்தான் வெளியே வரும்.

கொண்டை கிழிந்தது வெளியில் மேயும். விரல் கோணியது மேயும். கூவ மறந்தது, நிறம் தப்பியது எல்லாம் பெட்டைகளோடு கான் ஓரமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு யார் என்ன தடை?

இதில் என்ன பிழை இருக்கிறது என்று எனக்கு நாற்பது வயது வரை தெரியாது. பெருமைதான் தெரியும்.

தெரிய வந்தது ஒரு காய்ச்சல் நாளில். விடுமுறைக்குப் போன இடத்தில் படுத்துவிட்டேன். வெளியே தகரத்தில் மழை. காம்பராவின் உத்தரத்தில், சாமிப் படங்களுக்கு மேலே, இறகுகளைச் செருகி வைத்திருக்கிறார்கள். அது எங்கள் வீட்டு வழக்கம்: சேவல் அறுத்த அன்று, வாலில் ஆக நீளமான இறகைக் கொண்டுவந்து உத்தரத்தின் இடுக்கில் செருகுவது. அப்பா தொடங்கியது, மச்சான் விடவில்லை. அடுப்புப் புகையில் எல்லாம் ஒரே கறுப்பாகியிருந்தன. வருடத்துக்கு ஒன்று, வரிசையாக. வேறு வேலை இல்லாததால் கண்ணால் எண்ணிக்கொண்டு போனேன். எண்ணவில்லை, அளந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாசல் பக்கத்து முதல் இறகு என் முழங்கையிலிருந்து நடுவிரல் வரைக்கும் வரும். அரிவாள் போல வளைந்து தொங்கியது. அடுத்தவை கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அடுப்புப் பக்கம் போகப் போக இறங்குவது மட்டும்தான். கடைசியில் இருந்தது என் பேனை அளவு. நேராக, ஒல்லியாக, யாரோ தோடம்பழத்தில் குத்தி வைத்த ஊதுபத்திக் குச்சி மாதிரி.

போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தேன்.

வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒரே ஈற்றுக் குஞ்சுகளும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று உயரம், ஒன்று கட்டை. ஒன்று நிழல் பட்டால் ஓடும், ஒன்று நின்று அண்ணாந்து பார்க்கும். வேறுபாடு தானாக வருகிறது. யார் சாகிறார்கள், யார் பெருகுகிறார்கள் என்பதில்தான் தேர்வு நடக்கிறது. தேர்வுக்குக் கண் கிடையாது, ஆசை கிடையாது. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கையைத் தட்டிச் சுண்ணாம்பை உதறிக்கொண்டு போனவன்தானே நான். எங்கள் வீட்டு உத்தரத்திலேயே அது எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. எழுதியது எங்கள் கை.

அந்த லயத்துக் கோழிகளை மூன்று பேர் பொறுக்குகிறார்கள். பருந்து ஒன்று, வெள்ளையையும், வெட்டவெளியில் தைரியமாக மேய்வதையும் அது விடாது. கீரி இரண்டாவது, தரையில் படுத்துத் தூங்குகிற கோழி அதற்கு. மூன்றாவது சாமி. முதல் இரண்டு பேரும் எடுத்தபோது மிஞ்சியவை இன்னும் சுறுசுறுப்பாகத்தான் ஆயின. நிழல் விழுந்தால் போதும், தேயிலைத் தூருக்குள் தண்ணீர் போல ஓடி மறையும். சாமி எடுத்ததில்தான் நிறம் போனது, நீளம் போனது, குரல் போனது. இன்றைக்கு அக்கா வீட்டு வாசலில் மேய்வதெல்லாம் சாம்பலில் புள்ளி வைத்த சின்னக் கோழிகள். சேவல் எது, பெட்டை எது என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். யாருக்கும் வேண்டாதவற்றின் பிள்ளைகள்.

காய்ச்சல் விட்ட பிறகு அக்காவிடம் சொன்னேன். அவள் கேட்டாள். கேட்காமல் இல்லை.

“அப்ப நோஞ்சானையா சாமிக்குக் குடுக்கச் சொல்ற?”

“கொஞ்ச நாளைக்கி மேய விட்டுட்டுக் குடுக்கலாம்ல அக்கா. ரெண்டு ஈத்து குஞ்சு எறங்கட்டும்.”

“மிதிச்ச சேவலையா? எச்சிச் சோத்தப் படைக்கிற மாதிரி!” என்று காதைப் பொத்திக்கொண்டாள். அத்தோடு அந்தப் பேச்சு போய்விட்டது.

அதற்கடுத்த வருடம் சிவப்பு கிடைக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் ஒரு புள்ளிச் சேவலைக் கொண்டுபோய் அறுத்தார்கள். கவ்வாத்து தொடங்கிய நான்காம் நாள் ஈரத்தில் கத்தி வழுக்கி மச்சானின் இடது காலில் இறங்கியது. கரண்டைக்கு மேலே எலும்பு தெரிந்ததாம். தைத்தார்கள், இரண்டு மாதம் காம்பராவிலேயே கிடந்தார். இப்போதும் இறக்கத்தில் அந்தக் காலை ஒரு கணம் யோசித்துத்தான் வைப்பார்.

கத்தி வழுக்கியது மழையால். தேய்ந்த பிடியால். இத்தனை மணிக்குள் இத்தனை செடி என்ற அவசரத்தால். எனக்குத் தெரியும். ஆனால் லயம் முழுக்க ஒரே பேச்சு: சாமிக்குக் கண் தெரியாது என்று நினைத்தார்கள், காட்டிவிட்டது. மச்சான் மட்டும் சிரித்தார். “சாமிக்கு என் கால்தான் கெடச்சுச்சா? தொரை காலு எவ்வளவு வெள்ளையா இருக்கு, பாத்திருக்காது போல.”

அந்தக் காயத்துக்குப் பிறகுதான் போன் வந்தது. அக்காவின் குரல் அவ்வளவு மேலே போய் நான் கேட்டதே இல்லை.

“தம்பி, செவப்பு ஒண்ணு! சாம்பல் பெட்டை அடவச்ச குஞ்சுதான். ஒண்ணே ஒண்ணு. அப்பா காலத்துச் சேவல் மாதிரியே நிக்கிது.”

எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு சாம்பலுக்குள் ஒளிந்து கிடந்த சிவப்பு, தலைமுறை தலைமுறையாக வெளியே தெரியாமல் கைமாறி வந்து, ஒரு முட்டையில் இரண்டு பக்கமும் சேர்ந்துவிட்டது. இதுவும் பாடத்தில் இருக்கிறது. ஆனால் பாடம் நடத்தும்போது யாருக்குச் சிலிர்க்கிறது?

அடுத்த கணமே பயம். இதையும் கூடைக்குள் போடுவார்கள்.

சித்திரை விடுமுறை தொடங்கிய அன்றே கிளம்பினேன். ஹட்டனில் இறங்கி, மஸ்கெலியா பஸ் வருவதற்குள் சந்தையில் ஒரு சேவல் வாங்கினேன். பண்ணைச் சேவல், செக்கச் செவேல் என்று, ஒரு சின்ன ஆட்டுக்குட்டி கனம். அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். வளைவுக்கு வளைவு அது உள்ளே சரிந்தது. என் கணக்கு சுலபமானது: இது சாமிக்கு, அது பெட்டைகளுக்கு.

மச்சான் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“மாப்ள, இது கூவுமா, இல்ல ஆரன் அடிக்குமா?”

“செவப்புத்தானே மச்சான் கேட்டீங்க.”

“செவப்புத்தான். மூஞ்சியப் பாருங்க, ஸ்கூல் இன்ஸ்பெக்டர் மாதிரி. சேர் தனக்குத் தோதா ஒண்ணப் புடிச்சிட்டு வந்திருக்காரு.”

அக்கா சிரிக்கவில்லை. சேவலைத் தூக்கி முகத்தைத் திருப்பி எனக்குக் காட்டினாள். அலகின் நுனி வெட்டப்பட்டிருந்தது. பண்ணையில் ஒன்றையொன்று கொத்தாமல் இருக்க அப்படி வெட்டுவார்கள். நான் கவனிக்கவே இல்லை.

“ஊனம் தம்பி. அதோட கடச்சேவல். நம்ம வீட்டு மண்ணு திங்காதது.”

அது வாசலில் மூன்று நாள் நடந்தது. மூன்றாம் நாள் மதியம் பருந்தின் நிழல் கான் மேல் ஊர்ந்தது. சாம்பல் கோழிகள் ஒரு சத்தமும் இல்லாமல் தேயிலைக்குள் போய்விட்டன. பண்ணைச் சேவல் மட்டும் நடு வாசலில் நின்று, அது என்ன என்று அண்ணாந்து பார்த்தது. கூண்டில் பிறந்த பரம்பரைக்கு வானம் என்ற ஒன்றிலிருந்து சாவு வரும் என்று யார் சொல்லியிருப்பார்கள்? பருந்தால் தூக்க முடியவில்லை. கழுத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனது. நான் துணியைச் சுழற்றிக் கத்திக்கொண்டு ஓடினேன், எல்லாம் முடிந்த பிறகு.

அன்று மாலை கடைசியாகப் பேசிப் பார்த்தேன். அக்கா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கூடைக்குள் சிவப்புச் சேவல் கூவியது. குரல் இன்னும் உடையாத குரல், நடுவில் பிசிறி நின்றது.

“ஒரு வருசம் அக்கா. ஒரே ஒரு வருசம் இத விட்டு வைங்க. அடுத்த வருசம் இது மாதிரி நாலு இருக்கும். அதுல ஒண்ணக் குடுங்க.”

“இந்த வருசம்?”

“புள்ளிச் சேவல்.”

ரொட்டி தட்டும் கை நின்றது. “போன தடவ அதத்தான் குடுத்தோம்.”

“கத்தி வழுக்குனது மழையில அக்கா. சேவல்னாலயா வழுக்கும்?”

“சரி. நீ படிச்சவன். சேவல்னால இல்ல. அப்ப இந்த வருசம் புள்ளியக் குடுத்தா மச்சானுக்கு ஒண்ணும் ஆகாது. அப்படித்தான?” என்னை நேராகப் பார்த்தாள். “எழுதித் தா.”

நான் எழுதித் தரவில்லை. யாரால் முடியும்? சேவலால் கால் போகாது என்று எழுதலாம். கால் போகாது என்று எழுத முடியாது. அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் நான் படித்தது எல்லாம் விழுந்து போயிற்று.

மச்சான் காலை நீட்டி, தழும்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வேடிக்கை எல்லாம் விட்ட குரலில் சொன்னார்: “மாப்ள, சாமி இருக்கோ இல்லையோ, அது வேற. ஈர மலை. ஒரே வெட்டுல செடியோட வாது எறங்கணும். வெட்டுறப்ப கை நடுங்கக் கூடாது. நல்ல சேவல் குடுத்தா நடுங்காது. போன வருசம் மொத நாளே எனக்குக் கை நடுங்குச்சுங்க. யாருக்கும் சொல்லல.”

அக்கா திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அன்றுதான் தெரியும்.

நான் ரொட்டியைத் தின்றேன். சம்பல் உறைத்தது. நன்றாக இருக்கிறது என்றேன்.

மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போனார்கள். அக்கா கொழுந்துக்கு, மச்சான் நர்சரியில் லேசான வேலைக்கு. லயத்தில் சத்தமில்லை. சாம்பல் பெட்டைகள் கானோரம் கிளறிக்கொண்டிருந்தன. நான் போய்க் கூடையைத் தூக்கினேன்.

திட்டம் போட்டுச் செய்தேனா என்று கேட்டால், ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. தூக்கினேன். அவ்வளவுதான்.

சேவல் உடனே வெளியே வரவில்லை. கூடை இருந்த வட்டத்துக்குள்ளேயே நின்றது. தரையில் இல்லாத ஒரு சுவரை அலகால் தொட்டுப் பார்த்தது. பிறகு ஒரு கால் வைத்தது. வெயில் அதன் முதுகில் விழுந்தபோது, அப்பா காலத்து வாசல் ஒரு கணம் அங்கே எரிந்தது. சிறகைத் தாழ்த்தி ஒரு பெட்டையைச் சுற்றியது. கற்றுக்கொள்ளாத ஆட்டம், எங்கிருந்தோ தெரிந்திருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று பெட்டைகள். புள்ளிச் சேவல் ஒன்று தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, சண்டை வேண்டாம் என்று தேயிலைக்குள் போனது.

திரும்பப் பிடிக்க ஒரு மணி நேரமானது. கானில் விழுந்தேன். புறங்கையில் நகம் கிழித்தது. பக்கத்துக் காம்பராவில் ஒரு கைப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. நல்ல வேளை, அதற்கு இன்னும் பேச்சு வரவில்லை. மத்தியானம் அக்கா வந்தபோது கூடை கவிழ்ந்தபடி இருந்தது. “கையில என்ன?” என்றாள். தேயிலைக் கிளை என்றேன்.

இனி அது சாமிக்கு ஆகாத சேவல். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது பிழைத்துவிடும். விடுமுறை முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது. நான்கு நாளும் அந்த வார்த்தை என் வாய்க்குள் இருந்தது. சொன்னால் சேவலுக்கு உயிர், மச்சானுக்கு நடுங்கும் கை. தராசை எத்தனை தடவை தூக்கிப் பார்த்தாலும் ஒரு பக்கம் இறகு, ஒரு பக்கம் கால். சொல்லவில்லை. தலவாக்கலைக்குத் திரும்பிவிட்டேன். ஒரு கிழமையில் அக்கா போனில் சொன்னாள், பெட்டை ஒன்று அடைக்கு உட்கார்ந்துவிட்டது, பதினொரு முட்டை வைத்திருக்கிறேன் என்று. எந்த முட்டை எந்தச் சேவலுடையது என்று அந்தப் பெட்டைக்கே தெரியாது.

கவ்வாத்து தொடங்குகிற அன்று பள்ளியில் லீவு போட்டுவிட்டுப் போனேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. பார்த்து என்ன செய்யப் போகிறேன் என்றும் தெரியவில்லை. மலையில் பனி இன்னும் எழும்பவில்லை. கல்லுச்சாமிக்கு முன்னால் கவ்வாத்துக் கத்திகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். தீட்டிய பக்கம் எல்லாம் கிழக்கே. ஒவ்வொன்றுக்கும் மஞ்சள், ஒவ்வொன்றுக்கும் பொட்டு. தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை வந்து மாலை வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். கூட்டத்தில் மூத்த ஆள், கிழவர் ஒருவர், சேவலின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சேவல் தலையைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஒத்துக்கொண்டது என்று அர்த்தம்.

சிலுப்பவில்லை.

இரண்டாம் தடவையும் தெளித்தார். தண்ணீர் கொண்டையிலிருந்து சொட்டியது. சேவல் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. மச்சானின் கை பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் தொடையில் மெல்ல அடித்துக்கொண்டன. நடுங்கத் தொடங்கிவிட்டது. அந்த மலையில் அத்தனை பேரில் காரணம் தெரிந்தவன், அல்லது தெரிந்ததாக அந்த ஒரு நிமிடத்தில் நம்பியவன், நான் ஒருவன்தான். விஞ்ஞான சேர். ‘சாமி, சிலுப்ப வை’ என்று வேண்டிக்கொண்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“என்னய்யா, சாமி இன்னும் எந்திரிக்கலயா?” என்றார் பின்னாலிருந்த ஒருவர்.

“பனியில்ல? போத்திக்கிட்டு படுத்திருக்கும்,” என்றார் கிழவர். சிரிப்பு எழுந்தது. சிரிப்போடு மூன்றாம் தடவை அள்ளித் தெளித்தார். சேவல் உடம்பு முழுக்கச் சிலுப்பியது. தண்ணீர் என் முகத்தில் வந்து விழுந்தது.

மச்சானின் கை நின்றுவிட்டது. சட்டென்று, யாரோ பிடித்து நிறுத்தியது போல. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது சேவல் அறுபட்டிருந்தது, முதல் செடியின் வாதும் விழுந்திருந்தது. ஒரே வெட்டு. கொஞ்ச நேரத்தில் கானோரம் நெருப்பு மூட்டினார்கள். இறகு கருகும் வாசனை பனிக்குள் நகர முடியாமல் எங்கள் தோள் உயரத்திலேயே நின்றது. எனக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். தின்றேன்.

அந்த மலை முடியும் வரை மச்சானுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அக்கா போனில் சொன்னாள்: “பாத்தியா? நல்லதக் குடுத்தா நல்லது.” இறகை உத்தரத்தில் செருகியாயிற்றாம். அடுப்புப் பக்கத்துக் குச்சிகளுக்கு நடுவே அது வளைந்து தொங்குகிறதாம், அப்பா செருகியதைப் போலவே. நல்லதுக்கா என்றேன். ஆகாத சேவல் அது. இருந்தும் கால் பிழைத்தது. இதைச் சொல்லித்தானே நான் வாதாட வேண்டும்? என் கையிலேயே சாட்சி இருக்கிறது. சொன்னால் அடுத்த கவ்வாத்தில் அந்தக் கை மறுபடி நடுங்கும். சாட்சியை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஆகஸ்ட் விடுமுறையில் இரண்டு நாள் போய் இருந்தேன். பதினொரு முட்டையில் எட்டு பொரித்ததாம். பருந்துக்கும் கீரிக்கும் போக நான்கு மிச்சம். வாசலில் மூன்றைத்தான் பார்த்தேன். மூன்றும் சாம்பல். நான்காவதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் குரலில் ஏதாவது தெரிந்துவிடும் என்று பயம். இரண்டு நாளும் அக்கா எதையோ வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிற முகத்தோடு நடமாடினாள்.

கிளம்பும்போதுதான் “கொஞ்சம் வா தம்பி” என்று லயத்தின் பின்பக்கம் கூட்டிப் போனாள். விறகு அடுக்கின் மறைவில் கவிழ்த்த கொழுந்துக் கூடை. தூக்கினாள். உள்ளே சிவப்பு. மூன்று மாதச் சேவல் குஞ்சு, கழுத்தில் செம்பு நிறம் ஏறிக்கொண்டிருந்தது, வாலில் கறுப்பு முளைத்திருந்தது. நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்தது. வலது காலில் சாமிக்கு நேர்ந்த மஞ்சள் நூல் கட்டியிருந்தது.

“இன்னும் கூவக்கூட இல்லையே அக்கா” என்றேன்.

“கூவுற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? அந்தச் சேவல் ஒரு நாள்கூட கூடைய விட்டு எறங்கல. ஒரு பெட்டைய மிதிக்கல. அப்ப இது எங்கருந்து வந்துச்சு, நீயே சொல்லு. சாமி வாங்கிக்கிட்டத அதே மாதிரி திருப்பிக் குடுத்திருக்கு தம்பி. மச்சான்கிட்ட சொன்னேன், அவருக்கே கண்ணு கலங்கிப் போச்சு.”

அவளுக்கும் கலங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் அவள் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை. புறங்கையில் பழைய கீறல் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அந்தக் கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

மேல் ரோட்டில் பஸ் ஆரன் கேட்டது. வளைவு திரும்பிவிட்டது, ஓடினால்தான் பிடிக்கலாம். படிக்கட்டு வரைக்கும் கூடவே வந்தாள். நான் இரண்டு படி ஏறித் திரும்பிப் பார்த்தேன். என்னமோ சொல்லப் போகிறேன் என்று நினைத்தாள் போல, அவளே முந்திக்கொண்டாள்.

“நீ ஒண்ணும் யோசிக்காத தம்பி. அதப் பருந்துகூடத் தொடாது. சாமி பேரச் சொல்லி விட்டாச்சு.”